பத்தாயிரம் தோட்டா எதற்கு?

2013-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில், விளையாட்டுப் பொருள்கள் விற்கும் பிரிவின் முன்னால், கதவு திறந்தவுடனேயே ஒரு வரிசை உருவாகிவிடும். நிற்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். சரக்கு லாரி எந்தக் கிழமை வரும், பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் ஊழியர் எத்தனை மணிக்கு வருவார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் காத்திருந்தது .22 லாங் ரைஃபிள் என்கிற சின்னஞ்சிறு தோட்டாவுக்காக. மூன்று கிராமுக்குச் சற்றே கூடுதலான எடை. முயல், அணில் வேட்டைக்கும், பிள்ளைகளுக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுக்கவும் பயன்படுவது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை 500 தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டி ஏறத்தாழ 20 டாலருக்குக் கேட்பாரற்றுக் கிடந்தது. இப்போதோ ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான் என்று வால்மார்ட் கட்டுப்பாடு போட்டிருந்தது. கட்டுப்பாடு வந்தால் என்ன நடக்கும்? ஒரு பெட்டி போதும் என்று வந்தவரும் மூன்று வாங்கிக்கொண்டு போனார்.

அப்போது போர் எதுவும் புதிதாக மூளவில்லை. ஆலை எதுவும் மூடப்படவில்லை. மூன்று ஷிப்டுகளில் இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தன. நூற்றுக் கோடிக் கணக்கில் வெளிவந்த தோட்டாக்கள் சுடுதளங்களில் தீர்ந்ததைவிட வேகமாக வீடுகளின் நிலவறைகளுக்கும் கார் ஷெட்டுகளுக்கும் பீரோக்களுக்கும் போய்ச் சேர்ந்தன. துப்பாக்கிப் பிரியர்கள் தோட்டாவை ஏன் இப்படிச் சேர்க்கிறார்கள், சேர்த்தது எத்தனை காலம் தாங்கும், வீட்டில் அது எவ்வளவு ஆபத்து, அரசு இதில் எதுவரை தலையிடுகிறது என்று கேள்விகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. இவற்றில் வேதியியல் சார்ந்த கேள்விகளுக்கு விடை எளிது. சந்தையும் அரசியலும்தான் சிக்கல்.

முதலில் கணக்கு. சுவிட்சர்லாந்திலிருந்து இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே ஆய்வகம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் பொதுமக்கள் கையில் இருக்கும் சுமார் 85.7 கோடித் துப்பாக்கிகளில் 39.3 கோடி அமெரிக்காவில் இருக்கின்றன. ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2015-இல் நடத்திய கருத்தாய்வு இன்னொன்றைச் சொன்னது: அந்நாட்டு மக்களின் துப்பாக்கிகளில் பாதி, வயது வந்தவர்களில் வெறும் 3 விழுக்காட்டினரிடம் குவிந்திருக்கிறது. துப்பாக்கிகளுக்காவது இப்படி மதிப்பீடுகள் உண்டு. வீடுகளில் இருக்கும் தோட்டாக்களுக்கு நாடு தழுவிய பதிவேடு எதுவும் கிடையாது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோட்டா வாங்குபவர் விவரத்தைக் கடைக்காரர் பதிந்து வைக்க வேண்டும் என்றது. 1986-இல் வந்த துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம் அந்த விதியில் பெரும்பகுதியை நீக்கி, அஞ்சல் வழி விற்பனைக்கும் வழி திறந்துவிட்டது. அதன் பிறகு யார் வீட்டில் எத்தனை என்பது அவரவருக்கே வெளிச்சம்.

எண்ணிக்கை வெளியாட்களை மிரட்டுவதும் உண்மை. யாரையாவது கைது செய்தால் “ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் பறிமுதல்” என்று செய்தி வரும். துப்பாக்கிப் பிரியர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். .22 பெட்டிகள் இரண்டு வாங்கினாலே ஆயிரம் ஆகிவிட்டது, செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். போட்டிகளில் கலந்துகொள்ளும் ஒருவர் வாரம் இருநூறு சுட்டுப் பழகினால் ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். மான் வேட்டைக்குப் போகிறவருக்கோ இருபது தோட்டா கொண்ட ஒரு பெட்டியே இரண்டு மூன்று பருவங்களுக்கு வரும். ஆகவே பத்தாயிரம் என்பது ஒருவருக்கு ஓராண்டுப் பயிற்சி, மற்றவருக்கு ஏழு தலைமுறைக்கும் மிச்சம். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா நகரத் திரையரங்கில் சுட்டவன் அதற்கு முந்தைய மாதங்களில் இணையம் வழியாக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களை வாங்கியிருந்தான். அந்தக் கொள்முதல் யார் கண்ணையும் உறுத்தவில்லை, காரணம் அது வழக்கமான ஒரு கொள்முதலைப் போலவே இருந்தது. எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோட முடியாது என்று துப்பாக்கிப் பிரியர் சொல்வதும் சரி, அதனாலேயே கவலை என்று கட்டுப்பாடு கோருபவர் சொல்வதும் சரி.

சேர்க்கும் பழக்கம் பரவலான வேட்கையாக மாறியதற்குத் தேதிகள் இருக்கின்றன. 2008 நவம்பரில் ஒபாமா வென்றதும் முதல் அலை. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் இருபது குழந்தைகள் உட்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், புதிய தடைச் சட்டம் வரும் என்ற எதிர்பார்ப்பில் இரண்டாவது, முன்னதைவிடப் பெரிய அலை. .22 தோட்டா மட்டும் சகஜ நிலைக்குத் திரும்ப ஆண்டுகள் ஆயின. 2015 பிப்ரவரியில் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறையான ஏடிஎஃப், நுனியில் பச்சைச் சாயம் பூசிய எம்855 என்னும் ராணுவ வகைத் தோட்டாவுக்குக் கவசம் துளைக்கும் தோட்டா விதியிலிருந்து கொடுத்திருந்த விலக்கை நீக்கலாமா என்று கருத்துக் கேட்டது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. மார்ச்சில் யோசனையைக் கைவிட்டார்கள். அந்தச் சில வாரங்களுக்குள் கடைகளில் பச்சை நுனி துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது.

இந்த அலைகளில் கவனிக்கத்தக்க ஒரு முரண் இருக்கிறது. துப்பாக்கிக்கு எதிரானவர் என்று கருதப்படுபவர் பதவிக்கு வந்தால் தொழிற்சாலைகளுக்கு அடைமழை. ஆதரவாளர் வந்தால் வறட்சி. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் வெல்வார் என்று நம்பிச் சரக்கைக் குவித்திருந்த நிறுவனங்களும் கடைகளும் டிரம்ப் வென்றதும் விழி பிதுங்கின. இரு நூற்றாண்டுப் பழமை கொண்ட ரெமிங்டன் 2018 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. 2020 ஜூலையில் மறுபடியும் கொடுத்தது. இரண்டாம் முறை கொடுத்த நேரத்தைப் பாருங்கள்: நாடு முழுவதும் தோட்டாவுக்கு அடிபிடி நடந்துகொண்டிருந்தபோது, ஆர்க்கன்சாவின் லோனோக் நகரில் இருந்த அதன் தோட்டா ஆலை முடங்கிக் கிடந்தது. 8.14 கோடி டாலருக்கு அதை விஸ்டா அவுட்டோர் நிறுவனம் வாங்கியது.

2020-இன் பஞ்சம் மற்றவற்றைச் சின்னதாக்கிவிட்டது. கொரோனா, ஜார்ஜ் ஃபிளாய்டு கொலையை அடுத்த கொந்தளிப்பு, தேர்தல் என எல்லாம் ஓராண்டுக்குள். எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சரிபார்ப்புகள் 2019-இல் 2.84 கோடி, 2020-இல் 3.97 கோடி. துப்பாக்கித் தொழில் அமைப்பான என்எஸ்எஸ்எஃப், அவ்வாண்டு முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இவர்களில் ஒவ்வொருவரும் இரண்டே இரண்டு பெட்டி வாங்கினால்கூட, ஒரு பெட்டிக்கு 50 தோட்டா வீதம், 84 கோடித் தோட்டா கூடுதலாக வேண்டும். 2019-இல் 200 டாலருக்குள் கிடைத்த ஆயிரம் 9 மில்லிமீட்டர் தோட்டாக்கள் 2021 தொடக்கத்தில் 700 டாலரைத் தாண்டின. நிறுவனங்கள் வேண்டுமென்றே பதுக்குகின்றன என்ற பேச்சு வலுத்தபோது, ஃபெடரல், சிசிஐ, ரெமிங்டன் ஆகிய தோட்டா வணிகங்களின் தலைவராக இருந்த ஜேசன் வாண்டர்பிரிங்க் ஒரு காணொளியில் தோன்றி, ரகசியக் கிடங்கு எதுவும் இல்லை, நூறு கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் தேங்கிக் கிடக்கின்றன என்று சற்றுக் கடுப்புடனேயே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆலையை ஏன் பெரிதாக்கவில்லை? இங்கேதான் தோட்டாவின் உடலமைப்பு நினைவுக்கு வர வேண்டும். உறை, வெடிமருந்து, முன்னால் பாயும் குண்டு, பின்னால் பிரைமர் என நான்கு உறுப்புகள். பித்தளையை வார்க்கலாம், ஈயத்தை உருக்கலாம். பிரைமருக்குள் இருக்கும் ஈய ஸ்டிஃப்னேட் போன்ற கலவை ஒரு தட்டுக்கே வெடிக்கக்கூடியது. அதைப் பெருமளவில் செய்யத் தனி ஆலையும் நீண்ட அனுபவமும் வேண்டும். அமெரிக்காவில் பிரைமர் செய்யும் பெரிய பெயர்கள் நான்குதான்: ஃபெடரல், சிசிஐ, வின்செஸ்டர், ரெமிங்டன். அலை இரண்டாண்டில் ஓயும் என்று தெரிந்த முதலாளி, இருபதாண்டுக்கு உழைக்கும் இயந்திரத்தில் பணம் போடத் தயங்குவார். போட்டிருந்தால் 2018-இன் ரெமிங்டன் கதிதான் என்று அவருக்குத் தெரியும்.

பஞ்ச காலங்களில் வதந்திகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடித் தோட்டாக்களை வாங்கிக் குவித்து மக்களுக்குக் கிடைக்காமல் செய்கிறது என்று 2013-இல் பரவிய பேச்சு நாடாளுமன்றம்வரை போயிற்று. அரசுத் துறைகள் தோட்டா வாங்குவதற்கு வரம்பு விதிக்க ஒரு மசோதாவே கொண்டுவரப்பட்டது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை வேறு படத்தைக் காட்டியது: 2008 முதல் 2013 வரையிலான நிதியாண்டுகளில் அத்துறை வாங்கியது சராசரியாக ஆண்டுக்கு 12 கோடி, கையிருப்பு சுமார் 15.9 கோடி, அதாவது பயிற்சிக்கும் தேர்வுக்கும் 22 மாதம் வரும் அளவு. 2013 டிசம்பரில் மிசௌரி மாநிலத்தின் ஹெர்குலேனியம் நகரில் இருந்த, தாதுவிலிருந்து ஈயம் பிரிக்கும் நாட்டின் கடைசி உருக்காலை மூடப்பட்டபோது, தோட்டாவுக்கு ஈயமே இனிக் கிடையாது என்று இன்னொரு ஓட்டம். தோட்டா ஆலைகள் பயன்படுத்துவதில் பெரும்பங்கு பழைய கார் பேட்டரிகள் முதலியவற்றிலிருந்து மீட்டெடுத்த ஈயம் என்பது, வரிசையில் நின்றவர்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது.

எல்லா அச்சமும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. மலிவு விலை இறக்குமதிகள் ஒவ்வொன்றாக அடைபட்டதைச் சேகரிப்பவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் சீனத் துப்பாக்கி, தோட்டா இறக்குமதி நின்றது. 2014-இல் 7என்6 என்னும் ரஷ்யத் தோட்டா கவசம் துளைப்பது என வகைப்படுத்தப்பட்டுத் தடையாயிற்று. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்சி நவல்னிக்கு நஞ்சூட்டப்பட்டதற்குப் பதிலடியாக 2021 செப்டம்பரில் நடப்புக்கு வந்த கட்டுப்பாடு, ரஷ்யத் தோட்டாக்களின் புதிய இறக்குமதி உரிமங்களையே நிறுத்தியது. துலா, பர்னவுல் ஆலைகளின் இரும்பு உறைத் தோட்டா, கைக்கு அடக்கமான விலையில் சுட்டுப் பழகியவர்களின் அன்றாடச் சரக்கு. மோசின் நாகாந்த் துப்பாக்கிக்கான சோவியத் தோட்டா, 440 அடைத்து மூடி முத்திரையிட்ட தகர டின்களில், மரப்பெட்டிக்கு இரண்டு டின்னாக ஒரு காலத்தில் வந்து இறங்கியது. அன்று வாங்கி மூலையில் போட்டவர் இன்று புத்திசாலி. சிரித்தவர் பலமடங்கு விலை கொடுக்கிறார். “மலிவில் வாங்கு, மலையாய் அடுக்கு” என்ற பொருளில் அவர்களிடையே ஒரு சொலவடையே வழங்குகிறது.

அட்சய திருதியைக்கு நம்மூரில் கிராம் கணக்கில் தங்கம் வாங்கிச் சேர்க்கும் மனநிலைக்கு இது மிக அருகில் இருக்கிறது: விலை ஏறும், இறங்கினாலும் பொருள் கையில் இருக்கும், ஆபத்துக்கு உதவும். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கென முன்கூட்டியே வாங்குவதுதான் எல்லோருக்கும் இல்லாமல் போகும் நிலையைக் கொண்டுவருகிறது. பதினெட்டு மாதச் சரக்கு வைத்திருப்பவர் பஞ்சத்தின்போது கடைக்கு வராமல் இருந்தால் வரிசை பாதியாகும். அவர் வருகிறார், முதல் ஆளாக வருகிறார். சேர்ப்பவரின் நியாயத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை, மொத்தமாகப் பார்த்தால் பஞ்சத்துக்கு அதுவே பாதிக் காரணம்.

சேர்த்த பொருள் கெட்டுப்போகுமா? ஒழுங்காக வைத்தால், வாங்கியவரின் ஆயுளுக்குள் பெரும்பாலும் கெடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத் தோட்டாக்களை இன்றும் சுடுகிறார்கள். அலபாமாவின் ஆனிஸ்டனில் கிளை வைத்திருக்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் அமைப்பு, கிரேக்க ராணுவம் கழித்துவிட்ட பழைய தோட்டாக்களை எம்1 காரண்ட் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தீரும்வரை விற்றது. அவற்றில் பலவற்றின் வயது, சுட்டவரின் வயதுக்கு ஈடு.

புகையில்லா வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். 1884-இல் பிரான்சின் பால் வியேய் அந்த மருந்தை வடிவமைத்தார். நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும். சிதையும்போது வெளிவரும் அமில வாயு சிதைவை மேலும் விரைவாக்கும். தொடக்கக் காலத்தில் இதை அறியாமல் பிரெஞ்சுக் கடற்படை கொடுத்த விலை பெரிது: தூலோன் துறைமுகத்தில் 1907-இல் இயேனா, 1911-இல் லிபெர்த்தே என இரண்டு போர்க்கப்பல்கள் வெடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அதன் பின் டைஃபீனைலமீன் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்ப்பது எங்கும் வழக்கமாயிற்று. அவை அந்த அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிலைநிறுத்தி தீரும்வரை மருந்துக்கு ஆயுள். வெப்பம் கூடினால் விரைவில் தீரும். இவ்வளவுதான் அறிவியல். கெட்ட மருந்தைக் கண்டறிவதும் கடினமல்ல: டப்பாவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் காரநெடி, சிலவேளை செம்பழுப்புப் புகை அல்லது தூசி.

ஆகவே தோட்டாவை வைக்கவே கூடாத இடம் பரண். டெக்சாஸ், அரிசோனாக் கோடையில் கூரைக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸ் வரை காயும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் அப்படியே. நிலவறை குளிர்ச்சி, ஆனால் ஈரம், சிலவேளை வெள்ளம். விவரமானவர்கள் சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவார்கள். ராணுவம் கழித்த எம்2ஏ1 வகை இரும்புப் பெட்டிகளுக்கு இருக்கும் மவுசுக்குக் காரணம் அவற்றின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம். காற்றும் ஈரமும் உள்ளே புகாது. கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. அடைக்கும்போதே ஈரக்காற்றை உள்ளே வைத்து அடைத்தால் ரப்பர் வளையமே வினையாகும் என்பதால், வறண்ட நாள் பார்த்து அடைப்பார்கள். ஆயிரம் 9 மில்லிமீட்டர் தோட்டா 12 கிலோவைத் தொடும். பத்தாயிரம் என்றால் 120 கிலோ. பெரிய பெட்டியில் நிரப்பிவிட்டுத் தூக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்ட கதைகள் இவர்களிடையே ஏராளம்.

பித்தளை உறைக்கு ஒரு தனி எதிரி உண்டு, அது முதலில் தலைகாட்டியது இந்தியாவில். பிரிட்டிஷ் குதிரைப்படை பருவமழைக் காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்துவிட்டு, வெயில் வந்ததும் எடுத்தால் உறைகளில் விரிசல் ஓடியிருக்கும். மழைக்காலத்து நோய் என்றே கருதினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, உறையைச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து வேலை காட்டியது என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கினார்கள். உறையின் வாயைப் பக்குவமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தினால் விரிசல் வராது. இன்றும் ராணுவத் தோட்டா உறைகளின் கழுத்தில் தெரியும் நீலங்கலந்த நிறமாற்றம் அந்தச் சூட்டின் தடம். அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுத் தோட்டாவைப் பளபளக்க வைக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வதும் இதனால்தான். தோல் வாரில் வரிசையாகச் செருகி மாட்டி வைப்பது திரைப்படத்தில் அழகு. பதனிட்ட தோலில் இருக்கும் அமிலம் சில மாதங்களிலேயே பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும்.

பழைய ராணுவச் சரக்கில் இன்னொரு பொறி, பிரைமர். பொட்டாசியம் குளோரேட் கலந்த பிரைமர் சேமிப்பில் வெகுநாள் தாங்கும். அதனால்தான் ராணுவங்கள் அதை விடாமல் வைத்திருந்தன. சுட்டபின் குழலுக்குள் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்து ஓரிரு நாளிலேயே துருவை உண்டாக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். மலிவாகக் கிடைத்த சோவியத் டின்னை ஆசையாகச் சுட்டுவிட்டுச் சாதாரண எண்ணெய் போட்டு மூடிவைத்தவர், அடுத்த வாரம் திறந்து பார்த்துத் தலையில் கைவைப்பார்.

வீட்டில் தீப்பிடித்தால்? பலரும் முதலில் கேட்பது இதைத்தான். பயமும் இங்கேதான் அளவுக்கு மீறியிருக்கிறது. குண்டு பாய்வதற்குக் குழல் வேண்டும். குழலுக்கு வெளியே சூட்டில் வெடிக்கும் தோட்டாவில், எடை குறைந்த உறைதான் கிழிந்து தெறிக்கும்; கனமான குண்டு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே கிடக்கும். தோட்டாத் தொழிலின் தரநிர்ணய அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ, தீயணைப்பு வீரர்களுக்கென்றே தோட்டாக் குவியல்களை எரித்து, இடித்து, உயரத்திலிருந்து போட்டுப் படமெடுத்துக் காட்டியிருக்கிறது. வீரர்களின் வழக்கமான பாதுகாப்பு உடையே சிதறல்களைத் தாங்கியது. ஆனால் குண்டு ஏற்றிய நிலையில் பீரோவில் இருக்கும் துப்பாக்கி சூட்டில் தானாகச் சுடும், அது நிஜமான ஆபத்து. தளர்வான வெடிமருந்தும் பிரைமரும் வேறு சாதி. வீட்டிலேயே தோட்டா தயாரிப்பவர்களுக்கு என்எஃப்பிஏ 495 என்னும் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு எல்லை போட்டிருக்கிறது: குடியிருப்பில் புகையில்லா மருந்து அதன் அசல் டப்பாவிலேயே 20 பவுண்டு, அதாவது 9 கிலோ வரை; அதற்கு மேல் 50 பவுண்டுவரை ஓரங்குல மரப்பெட்டிக்குள்; பிரைமர் பத்தாயிரம் வரை. முழுத் தோட்டாக்களுக்கு அந்தத் தொகுப்பு இப்படியோர் எண்ணை விதிக்கவில்லை. இரும்புப் பெட்டிக்குள் மருந்தை இறுக்கி மூடிவைப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்காகத்தான் மரப்பெட்டி விதி. அடைபட்டால்தான் மருந்து வெடிகுண்டாகும். வழிவிட்டால் வெறுமனே எரியும்.

உண்மையில் ஆளைக் கொல்லக்கூடியது தோட்டா வகைகள் கலந்துபோவது. சரக்கு பெருகப் பெருகப் பெட்டி மாறும். அமெரிக்காவில் 20 கேஜ் ஷாட்கன் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதன் காரணம் இதுதான்: தவறுதலாக 12 கேஜ் துப்பாக்கியில் அது நுழைந்தால் வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் நிற்கும்; காலியாக இருக்கிறது என்று நினைத்துப் பின்னாலேயே 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையோடு போகும். .300 பிளாக்அவுட் தோட்டாவும் 5.56 தோட்டாவும் ஒரே மேகசினில் உட்காரும். முன்னதைப் பின்னதன் துப்பாக்கியில் திணித்துச் சுட்டுத் துப்பாக்கி சிதறிய சம்பவங்கள் பல உண்டு. அசல் அட்டைப்பெட்டியைத் தூக்கியெறியக் கூடாது என்பதற்கு இது போதாதென்றால் இன்னொரு காரணம்: தயாரிப்புக் குறைபாடு என்று நிறுவனம் திரும்பப் பெறும்போது பெட்டிமேல் இருக்கும் லாட் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வாளியில் கொட்டி வைத்தவருக்கு அந்த வழியும் இல்லை. பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கச் சொல்கிறது தொழிலின் சொந்த அறிவுரையே. ஈரப்பதத்தைச் சதவீதக் கணக்கில் அளக்கிறவர்களில் சிலர் வீட்டில் பேரப்பிள்ளைகள் நடமாடும் இடத்தில் பெட்டியைத் திறந்தே வைத்திருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

சட்டத்தின் பார்வை துப்பாக்கியிலிருந்து தோட்டாவுக்கு மீண்டும் திரும்பியது 1990-களில். நியூயார்க் செனட்டர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன், நாட்டில் இருக்கும் துப்பாக்கிகள் இருநூறு ஆண்டுக்கு வரும், தோட்டாக்களோ நான்கு ஆண்டுக்குத்தான் வரும், ஆகவே தோட்டாவைப் பிடியுங்கள் என்று வாதாடினார். 1993-இல் சிலவகைத் தோட்டாக்களுக்கு 10,000 விழுக்காடு வரி போட யோசனை சொன்னார். நிறைவேறவில்லை. அதே கணக்கைத் துப்பாக்கிப் பிரியர்களும் கேட்டார்கள். நான்கு ஆண்டுச் சரக்கு போதாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கலிஃபோர்னியா வாக்காளர்கள் 2016-இல் 63-ஆம் முன்மொழிவை ஏற்றனர். அதன் தொடர்ச்சியாக 2019 ஜூலை 1 முதல் ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயமானது. ஜூன் மாதக் கடைசியில் அம்மாநிலக் கடைகளில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து நெவாடாவுக்குப் போய் வாங்கி வரலாம் என்றால் அதற்கும் தடை. எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் கிம் ரோட். ஆறு ஒலிம்பிக்கில் ஆறு பதக்கம் வென்ற துப்பாக்கி வீராங்கனை. 2020-இலும் 2024 தொடக்கத்திலும் நீதிபதி ரோஜர் பெனிட்டெஸ் அந்தச் சரிபார்ப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அவை நிறுத்திவைக்கப்பட்டன. 2025 ஜூலையில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சரிபார்ப்புக்கு எதிராகவே முடிவு சொன்னது. இதற்கிடையே 2024 ஜூலையிலிருந்து அம்மாநிலம் துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது 11 விழுக்காடு தனி வரியும் போட்டிருக்கிறது. தோட்டாமீது மத்திய அரசின் 11 விழுக்காட்டு வரி ஏற்கெனவே உண்டு. 1937-ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. அரசின்மேல் நம்பிக்கையிழந்து தோட்டா வாங்கிக் குவித்தவர் அரசின் காடுகளுக்கும் பறவைகளுக்கும் படியளந்திருக்கிறார் என்பது இந்தக் கதையின் நல்ல நகைச்சுவை.

மற்ற நாடுகளில் கேள்வியே வேறு. பிரிட்டனில் ரைஃபிள் உரிமச் சான்றிதழிலேயே ஒருவர் அதிகபட்சம் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று எழுதப்பட்டிருக்கும். துப்பாக்கி வீட்டுக்கு வீடு இருக்கும் நாடு என்று எடுத்துக்காட்டப்படும் சுவிட்சர்லாந்தில், படைவீரர்களுக்கு 50 தோட்டா அடைத்த முத்திரை டின் ஒன்றைக் கொடுத்து வீட்டில் வைக்கச் சொல்வது வழக்கமாக இருந்தது. உத்தரவின்றித் திறந்தால் தண்டனை. 2007-இல் அந்த வழக்கத்தையும் கைவிட்டு, அடுத்த சில ஆண்டுகளில் டின்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமப் புத்தகத்தில் ஒரு சமயத்தில் எத்தனை, ஓராண்டில் எத்தனை என்பது குறிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் அதில் பதிவார். தேர்தல் வந்தால் துப்பாக்கியையே காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நாட்டில் தோட்டாவைச் சேர்த்து வைப்பது என்ற பொழுதுபோக்குக்கு வேர்விட இடமில்லை.

அமெரிக்கச் சேர்ப்பாளர்கள் கொஞ்சமும் திட்டமிடாத ஒன்று, தங்களுக்குப் பிந்தைய காலம். 2015 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் வசதியான ஒரு பகுதியில் ஒருவர் இறந்து கிடக்க, அவர் வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளும் டன் கணக்கில் தோட்டாக்களும் இருந்தன. காவல் துறையினர் அவற்றை அள்ளி முடிக்க நாள்கணக்கு ஆயிற்று. அவ்வளவு இல்லாவிட்டாலும், சராசரிச் சேர்ப்பாளரின் மனைவியோ மகளோ ஒரு நாள் நிலவறையில் நின்று கனமான இரும்புப் பெட்டிகளைப் பார்த்து விழிக்கும் நிலை சாதாரணமாகிவருகிறது. குப்பையில் போடக் கூடாது. வீடு மாற்றித் தரும் நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுவதில்லை. விமானத்தில் பல நிறுவனங்கள் ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆலைத் தயாரிப்பு, அசல் பெட்டியில் இருந்தால் துப்பாக்கிக் கடையோ உள்ளூர் கிளப்போ விலை பேசும். இறந்தவர் தன் கையால் மருந்து நிரப்பிச் செய்த தோட்டாக்களை யாரும் தொட மாட்டார்கள்; என்ன மருந்து, எத்தனை கிரெய்ன் என்று அவர் எழுதி வைத்திருந்தாலும் நம்ப மாட்டார்கள். அவற்றை ஷெரீஃப் அலுவலகத்துக்குச் சொல்லி எடுத்துப்போகச் செய்ய வேண்டும், அல்லது விவரமறிந்த ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி, பித்தளையை மட்டும் எடைக்குப் போட வேண்டும்.